கழுத்துநோவுக்கு ஊசியா, கையா?

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையையும் அதனை நிறுவிய பெரியோரின் புகழையும் பேசுதல் மரபு. அம்மரபினைப் பிறர் இம்மலரிற் செவ்வனே நிறைவேற்றியிருப்பர் என்னும் நம்பிக்கையால், நாம் சற்றே தாழ்ந்ததொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். தலைக்குக் கீழே இருப்பதாதலின் தாழ்ந்தது என்றோம். கழுத்துநோவே அப்பொருள். நகைப்பவர் நகைக்க. பழைய மாணவர் கூட்டங்களிலே மேடையைப் பார்ப்பதற்குத் தலையை மட்டும் திருப்பாது உடம்பு முழுவதையும் திருப்புகின்ற அன்பர் எத்தனை பேர் என்று எண்ணினால் அந்நகைப்புத் தானே அடங்கும்.

உலகிலே 2020 ஆம் ஆண்டில் கழுத்துநோவினால் வருந்தினோர் 20 கோடியே 30 இலட்சம் பேர் எனப் பல நாட்டு ஆய்வாளர் கூடிக் கணக்கிட்டுள்ளனர். 2050 இல் அத்தொகை 27 கோடியை அணுகும் என்பதும் அவர்தம் மதிப்பீடு. உயிரைக் கொல்லும் நோயன்று இது. ஆதலினாலேயே இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. உயிரைக் கொல்லாவிடினும் ஒருவன் உழைப்பைக் கொல்லும்; உறக்கத்தைக் கொல்லும்; வீட்டிலுள்ளோர் பொறுமையையும் கொல்லும்.

கழுத்துநோவு யாவும் ஒரு தன்மையன அல்ல. முறிவு, கிருமித்தாக்கம், புற்று, மூட்டுவாதம், முண்ணாண் நெரிவு முதலாய காரணம் எதுவுமின்றி, தலையை வைத்திருக்கும் நிலையாலும் அசைவாலும் கூடியும் குறைந்தும் வருகின்ற நோவையே மருத்துவர் பொறிமுறைக் கழுத்துநோவு என்பர். பெரும்பாலார்க்கு வருவது இதுவே. ஏழு சிற்றெலும்புகளின்மேல், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை, சுற்றியுள்ள தசைகளின் பிடியிலே நிற்கின்றது. அத்தசைகள் ஓய்வின்றி ஒரே நிலையில் இழுபட்டால் இறுகும், இறுகினால் நோகும், நொந்தால் நாம் அசையோம், அசையாவிடின் மேலும் இறுகும். எக்ஸ்றே படத்தைப் பெருஞ்சாசனம்போற் சுருட்டி வைத்துக்கொண்டு "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று உறவினர்க்கெல்லாம் காட்டும் அன்பர்க்கு ஒரு சொல்: நடுத்தர வயதைத் தாண்டியோரில் நோவே இல்லாத பலருடைய படத்திலும் அத்தேய்வு காணப்படும். படத்திலுள்ளதே நோவின் காரணம் என்று துணிதல் தகாது.

இனி லக்கலைக்கு வருவோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி, றிவஸ்டன் கணவாயின் மூடுபனியைக் கடந்து, இலுக்கும்புரையில் இறங்கினால் வருவது லக்கல நாடு. நக்கிள்ஸ் மலைத்தொடர் அதற்கு மதில். 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அம்மலைத்தொடர். படிப்படியாக வெட்டிய வயலும், சேனையும், முன்னாளில் காட்டினூடே ஏலச்செய்கையும் அந்நாட்டார் தொழில். வண்டி செல்லாத வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் நெற்கட்டும் விறகும் ஏலமூடையும் ஏறியது எங்கே? தலையிலும் தோளிலுமே. களுகங்கைத் திட்டத்தினால் பழைய பல்லேகம ஊரும் வயலும் நீரில் அமிழ்ந்தன. மக்கள் புதிய லக்கல நகருக்கும் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தனர். ஊர் பெயர்ந்தது, கழுத்திலேறிய பாரத்தின் தழும்பு பெயரவில்லை. அங்குள்ள முதியவர் பலர் தலையை நிமிர்த்திப் பேசுவதற்கு உடம்பைச் சற்றே பின்சாய்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

அம்மலையின் இப்பக்கச் சரிவிலே, இரத்தோட்டை, கம்மடுவை, ஓப்பல்கலைப் பகுதிகளிலே, நம் கல்லூரி மாணவர் பலருடைய தாய்மார் கொழுந்து பறித்தனர், இன்றும் பறிக்கின்றனர். கூடையின் கயிறு உச்சந்தலையின் குறுக்கே கிடக்கும். கூடை முதுகிலே தொங்கும். கூடை நிறைய நிறையத் தலை பின்னுக்கு இழுபடும். அவ்விழுப்பை எதிர்த்துக் கழுத்தின் முன்தசையும் பின்தசையும் ஓயாது மல்லாடும். கண்ணோ கீழே கொழுந்தை நோக்கும். காலும் சரிவிலே இடறாது நிற்கவேண்டும். ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்று தோட்டந்தோறும் ஓரளவு உண்டு. 18 கிலோ என்பது பல தோட்டங்களில் வழங்கியது. அது குறைந்தால் அரைப்பேர். மழைநாளிலே கொழுந்து நனைந்து கனக்கும். நிறுவையிலே ஈரத்துக்கும் கூடைக்கும் கழிவு உண்டு. கழுத்துக்கு அக்கழிவு இல்லை. இத்தாய்மார் மாலையில் லயத்துக்குத் திரும்பித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுப்பு மூட்டுகின்றனர். கழுத்துநோவைப் பற்றி எழுதுவோர் பலர் காரியாலய மேசையையும் கணினியையுமே பேசுகின்றனர். கொழுந்துக் கூடையைப் பேசுவார் அரியர்.

இந்நோவுக்கு அண்மைக்காலத்தில் நம் நகரங்களிற் பெருவழக்காய் வருவது உலர் ஊசி முறை. மருந்து ஏற்றாத ஊசியாதலின் உலர் ஊசி எனப்பட்டது. மயிரினுஞ் சற்றே தடித்த, துளையில்லாத மெல்லிய ஊசியைத் தசையிலே இறுகித் திரண்டு நிற்கும் முடிச்சினுட் செலுத்துவர். தசை ஒருமுறை வெடுக்கென்று துடிக்கும். பின்னர் நெகிழும் என்பர். இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவிலே ஜனற் ட்ராவல் என்னும் பெண் மருத்துவர் தசை முடிச்சுக்களில் மரப்பு மருந்தை ஏற்றி நோவகற்றி வந்தார். சனாதிபதி கென்னடியின் முதுகுநோவைப் பார்த்து, 1961 இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் அவரே. அவரும் டேவிட் சைமன்ஸ் என்பாரும் சேர்ந்து 1983 இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிநூலாயிற்று. அதற்கு முன்னரே, 1979 இல், செக் நாட்டு மருத்துவர் கரல் லெவிற் ஒரு வினாவை எழுப்பினார்: நோவைத் தணிப்பது மருந்தா, அன்றி மருந்தைக் கொண்டுசென்ற ஊசியா? 241 நோயாளரின் 312 இடங்களில் வெறும் ஊசியையே குத்திப் பார்த்து, நூற்றுக்கு ஏறத்தாழ 87 இடங்களில் நோவு உடனே தணிந்ததாக அவர் எழுதினார். மருந்து விலகியது, ஊசி நின்றது.

இச்செய்தி நம்மவர் காதில் விழுந்ததும் இருவகைப் பேச்சு எழுந்தது. "இது புதிதன்று, நம் சித்தர் கண்ட வர்மமே" என்பார் ஒருசாரார். "சீனர் ஊசியை மேனாட்டார் திருடிப் பெயர் மாற்றினர்" என்பார் மற்றொருசாரார். இரண்டையும் நாம் ஏற்கோம். ஊசி ஒன்றே, கருத்து வேறு. சீனர் முறை உடம்பில் ஓடும் நாடிவழிகளைக் கொண்டது; உலர் ஊசி முறை தசையையும் நரம்பையும் உடற்கூற்று நூலின்படி நோக்குவது. வர்மமோ பெரும்பாலும் விரலாலும் கையாலும் இயக்கப்படுவது. எல்லாம் நம்முடையவையே என்று பெருமை கொள்வதாலே ஒருவர் கழுத்தும் நேராகாது. அவ்வாறே, முடிச்சு என்பது உண்மையிலே உளதா, ஒருவர் விரல் காணும் முடிச்சை மற்றொருவர் விரலும் காணுமா என்பதில் மேனாட்டு மருத்துவருள்ளேயே வழக்கு உண்டு. 2015 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் குவின்ற்னர் முதலானோர் அக்கொள்கையையே மறுத்து எழுதினர். மேனாட்டார் கூறினர் என்பதற்காகத் தலை வணங்குதலும் வேண்டா. நோவுள்ள தலை வணங்குதல் அரிது.

எனவே கொள்கையை விடுத்துப் பயனை நோக்குவோம். ஒன்றும் செய்யாதிருப்பதோடும் பொய்யூசியோடும் ஒப்பிட்டபோது, உலர் ஊசி சிலகாலம், ஏறக்குறைய 12 வாரம் வரையில், நோவைக் குறைக்கின்றது எனப் பல சோதனைகளைத் தொகுத்தோர் 2017 இல் எழுதினர். ஆயின் அச்சான்று அத்துணை வலியதன்று என்றும் உடன் எழுதினர். இங்கே மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஊசி பயன்படுமா என்பது ஒரு வினா. கையாற் செய்யும் சிகிச்சையும் பயிற்சியும் பெறுகின்ற ஒருவர்க்கு ஊசியால் மேலும் பயன் உண்டா என்பது வேறு வினா. பணம் கொடுக்கும் நோயாளிக்கு வேண்டியது இரண்டாவதன் விடையே. 2020 இல் பிறேசில் நாட்டார் 116 பேரிலும், 2021 இல் கற்றி என்பாரும் குழுவினரும் 77 பேரிலும் இவ்வினாவை ஆராய்ந்தனர். பின்னையோர் ஒருசாரார்க்கு மெய்யூசியும் மற்றையோர்க்குப் பொய்யூசியும் இட்டு, இருசாரார்க்கும் கைச்சிகிச்சையும் பயிற்சியும் அளித்தனர். இருசாராரும் தேறினர். நான்கு வாரத்திலும் ஆறு திங்களிலும் ஓராண்டு முடிவிலும் இருவர்க்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. பிறேசிலிலும் ஊசியினால் வந்த மேலதிகப் பயன் பொருட்படுத்தத்தக்கதாயில்லை.

ஊசி வீண் என்று நாம் கூறினோமல்லேம். தசை இறுகிக் கையைத் தொடவும் விடாத நோயாளிக்கு, கைச்சிகிச்சைக்கு வழிதிறக்கும் ஒரு துணையாக அது உதவலாம். ஆயின் பத்து முறை வாருங்கள், இருபது முறை வாருங்கள் என்று ஊசியையே சிகிச்சையாக விற்றல் முறையன்று. லக்கலையிலிருந்து கண்டி வரை பஸ் ஏறி, ஒருநாட் கூலியை இழந்து, மற்றொருநாட் கூலியைக் கட்டணமாய்க் கொடுப்பவளிடம் அதனை விற்றல் அறமுமன்று.

கைச்சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர்க்குச் சற்றே உரிமை உண்டு. சித்த மருத்துவ நூல்கள் தொக்கணம் என்னும் பெயரால் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை கூறும். லக்கலச் சிங்கள மக்களிடையே முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியர் மதிப்புடன் வாழ்கின்றனர். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் அத்தகையோரையும் பதிவுக்குள் கொணர்ந்தது. சுளுக்கு உருவுதற்கு இரட்டைப்பிள்ளை பெற்ற தாயைத் தேடியோடும் வழக்கம் நம் தோட்டங்களில் இன்றும் முற்றாய் மறையவில்லை. இரட்டைப் பேற்றுக்கும் கைத்திறனுக்கும் தொடர்பு யாதென நாம் அறியோம். ஆயினும் அத்தாய்மாருட் சிலர் கை நல்ல கையே.

இக்காலத்து இயன்மருத்துவர் செய்யும் கைச்சிகிச்சை, எலும்பின் மூட்டுக்களை மெல்ல மெல்ல அசைத்தும் தசையை நெகிழ்த்தும் இயக்கத்தை மீட்பது. நெதர்லாந்திலே ஹோவிங் என்பாரும் பிறரும் 183 நோயாளரை மூன்றாய்ப் பகுத்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. வாரமொருமுறை மூட்டசைப்புச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 68 பேரும், பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சிகிச்சை பெற்றோரில் 51 பேரும், பொது மருத்துவரின் வழமையான கவனிப்பில் இருந்தோரில் 36 பேரும் ஏழாம் வாரத்திலே தேறினர். அங்கே கழுத்தைச் சடக்கென முறித்தல் இல்லை என்பது நினைவிலிருத்தற்குரியது. ஓராண்டு கழிந்தபோது மூவகையார்க்குமிடையே இருந்த வேறுபாடு குறைந்துவிட்டது. கை விரைவிலே தேற்றும்; நிலைநிறுத்துவது வேறொன்று.

அந்த வேறொன்று பயிற்சி. கேட்டவுடன் அன்பர் முகம் வாடுவதை நாம் அறிவோம். ஊசி குத்திக்கொள்ளவும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் ஆயிரம் பேர் முன்வருவர். நாள்தோறும் கால்மணி நேரம் தானே செய்வதற்குப் பத்துப்பேர் வாரார். பின்லாந்திலே 180 பெண் காரியாலய ஊழியரை ஓராண்டு கவனித்து 2003 இல் எழுதினர். கழுத்தையும் தோளையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 73 பேர் நோவு பெரிதும் அல்லது முற்றும் நீங்கியதாகக் கூறினர். தாங்குதிறன் பயிற்சி செய்தோரில் 59 பேர் அங்ஙனம் கூறினர். ஏனையோரில் 21 பேரே கூறினர். இதற்கு ஊசி வேண்டா. கண்டிக்குப் பஸ் ஏறவும் வேண்டா. ஒருமுறை ஒழுங்காகக் காட்டித்தர ஒருவர் வேண்டும். சில திங்கள் கழித்துச் சரிபார்க்கவும் அவர் வேண்டும்.

அபாயத்தைக் கூறாது விடுதல் நேர்மையன்று. அயர்லாந்திலே 39 இயன்மருத்துவர் செய்த 7,629 உலர் ஊசிச் சிகிச்சைகளைக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ ஐந்திலொன்றில் சிறு தீங்குகள் நேர்ந்தன: கன்றுதல், சிறிது குருதி கசிதல், ஓரிரு நாள் உளைதல் போல்வன. பெருந்தீங்கு நேரவில்லை. அவர்கள் பயின்றவர்கள். கழுத்தடியிலிருந்து தோளுக்கு விரியும் தசைக்குச் சற்றுக் கீழே இருப்பது நுரையீரலின் உச்சி. பயிலாத கையிலுள்ள ஊசி அதனைத் துளைத்தால் நெஞ்சறையிற் காற்றுப் புகுந்து மூச்சுத் திணறும். அத்தகைய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உள. ஒருவர்க்கு இட்ட ஊசியை மற்றொருவர்க்கு இடுதல் கொடுமையிலுங் கொடுமை. குருதி உறையாதிருக்க மருந்து உண்போர் முன்னரே அதனைக் கூறுதல் வேண்டும். கழுத்தைச் சடக்கென முறிப்பதும் அவ்வாறே. மூளைக்குச் செல்லும் நாளம் கிழிந்து பாரிசவாதம் வருதல் அரிதேயெனினும், வந்தவர்க்கு அது அரிதன்று. முடிதிருத்தும் கடையிலே முடி வெட்டியபின் இலவசமாகக் கழுத்தை நொடிக்கும் வழக்கத்தை அன்பர்கள் அன்புடன் மறுத்துவிடுவார்களாக.

கையும் காலும் தளர்தல், மரத்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமின்றி மெலிதல், இரவெல்லாம் தணியாத நோவு, விழுந்தபின் வந்த நோவு, இரட்டைப் பார்வையோடு கூடிய திடீர்த் தலைநோவு - இவற்றுள் ஒன்று இருப்பினும் ஊசிக்காரரிடமும் போகற்க, உருவுவாரிடமும் போகற்க. நேரே வைத்தியசாலைக்குச் செல்க.

மாணவர்க்கும் ஒரு சொல். தேர்வுக்காலத்திலே கட்டிலிற் குப்புறக் கிடந்து படிப்பவரும், கைத்தொலைபேசியை மடியில் வைத்து நாடியை மார்பிற் புதைத்துக்கொள்பவரும், தோட்டத்துப் பாட்டியின் நோவை இருபது வயதிலேயே பெறுகின்றனர். நேராக இருந்தே தீரவேண்டும் என்று ஆசிரியர் அதட்டுவதிலும் நமக்கு நம்பிக்கை குறைவு. எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் தீயதே. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடும் வகுப்பாசிரியரே நல்ல மருத்துவர். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர்வடம் பிடித்துவிட்டு மறுநாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்க்கு இரண்டு நாள் விலக்களிக்கலாம். அது பக்தியால் வந்த நோவு.

ஆசிரியர் அறையிலே இப்பொருள் பற்றிப் பேசியபோது, "கூடையை இறக்கினால் நோவு போகும், அதை விட்டு ஊசியையும் கையையும் ஆராய்வானேன்?" என்றார் ஒரு நண்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. தலைக்கயிற்றை நீக்கி, இரு தோளிலும் இடையிலும் பாரத்தைப் பகிரும் பை பலவிடங்களில் வந்துள்ளது. நிறுவையிடத்தைச் சரிவுக்கு அண்மையில் வைத்து, நாளில் ஒருமுறை கூடுதலாக நிறுத்தால் கூடை நிறைந்து கனக்கும் நேரமும் குறையும். தோட்ட நிருவாகிகளுள் நம் பழைய மாணவர் உளர், தொழிற்சங்கத்தார் உளர். அவர்கள் இதனைப் பேசட்டும். ஆயினும் இருபதாண்டு சுமந்து இறுகிய கழுத்து, கூடையை இறக்கிய மறுநாளே நெகிழாது. அதற்குக் கை வேண்டும்.

அக்கை எங்குளது? பேராதனையிலும் கொழும்பிலும் பல்கலைக்கழகங்கள் இயன்மருத்துவப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் அனுப்புகின்றன. இலங்கை மருத்துவச் சபையிலே அவர்களுக்குப் பதிவு உண்டு. ஆயின் அவர்கள் அமர்வது பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலும் நகரத்துத் தனியார் நிலையங்களிலுமே. றிவஸ்டனுக்கு அப்பாலுள்ளவர்க்கும், மேற்பிரிவு லயத்திலுள்ளவர்க்கும் மாத்தளை நகரமே தூரம். கண்சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் நடத்துதல் நம் சங்கங்களுக்குப் புதிதன்று. இவ்விழா ஆண்டிலே சேரும் நிதியில் வளைவுக்கும் மின்விளக்குக்கும் போக ஒரு பங்கினை ஒதுக்கி, திங்களுக்கு ஒருநாள் பதிவுபெற்ற இயன்மருத்துவர் ஒருவரையும் உதவியாளர் ஒருவரையும் இரத்தோட்டைப் பக்கத்திலும், அடுத்த திங்களில் லக்கலையிலும் அமர்த்தலாம் என்பது எமது முன்மொழிவு. ஊசிப் பெட்டி அவர் விருப்பம். நாம் கேட்பது, வருகின்ற ஒவ்வொருவரையும் சோதித்து, கைச்சிகிச்சை செய்து, தமிழிலோ சிங்களத்திலோ நான்கு பயிற்சிகளைப் படத்துடன் எழுதிக் கொடுத்து, இரண்டு திங்கள் கழித்து மீண்டும் பார்த்தல். கொழுந்து நிறுவை முடிந்தபின்னரே தாய்மார் வர இயலுமாதலின், ஞாயிற்றுக்கிழமையோ போயா நாளோ அமைதல் நன்று. படம் வரைதற்கு நம் சித்திர ஆசிரியர் உளர். மொழிபெயர்த்தற்கு மேல்வகுப்பு மாணவர் உளர். வண்டிக்குப் பழைய மாணவர் உளர். செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனைப் பொருள்நிரலிற் சேர்க்குமாறு செயலாளரை வேண்டியுள்ளோம்.